கல்லாப் பெட்டி காட்டாத முன்னேற்றம்

இரவு பத்து மணி. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணிக்கொண்டிருக்கிறோம். நோட்டுகளை அடுக்கி, சில்லறையைப் பிரித்து, கைப்பேசி வழியாக வங்கிக்கு வந்த தொகையையும் சேர்த்துக் கூட்டுகிறோம். அதில் காலையில் வரும் எண்ணெய் வண்டிக்கு எவ்வளவு, பருப்பு மண்டிக்கு எவ்வளவு, மின்கட்டணத்துக்கு எவ்வளவு என்று ஒதுக்கிய பிறகு கையில் நிற்பது மிகச் சொற்பம். "இத்தனை வருஷம் நின்னு என்னத்தைக் கண்டோம்?" என்று ஒரு பெருமூச்சு வருகிறது. இந்தப் பெருமூச்சை விடாத வணிகர் நம்மில் ஒருவரும் இருக்க முடியாது.

நட்டப்பட்டவர்தான் சோர்ந்துபோவார் என்று நினைக்கிறோம். முன்னேறிக்கொண்டிருப்பவரும், தாம் முன்னேறுவது தெரியாமலே சோர்ந்துபோவதுண்டு. கடனை அடைக்க வேண்டும், சொந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும், பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைக்க வேண்டும், உடம்பைக் கவனிக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் ஏதோ ஓர் இலக்கு வைத்திருக்கிறோம். இரண்டு மூன்று ஆண்டு முயன்றுவிட்டு, "ஒன்றும் நடக்கவில்லை" என்று பாதியில் விட்டுவிடுகிறோம். உண்மையில் நடந்திருக்கும். அளந்து பார்த்திருக்க மாட்டோம்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்ற பழமொழியைச் செலவுக்கு மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். உழைப்புக்கும் அது பொருந்தும். இதுவே இந்த இதழின் பாடம்.

விற்பதற்காக எடுத்த கணக்கு

முதலில் நமது சொந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம்.

2012-இல் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது மளிகைக் கடை நமது பங்குக்கு வந்தது. அதனுடன் கடனும் வந்தது. அப்போது நமது இலக்கு ஒன்றே ஒன்று: கைமாற்றுக் கடன் முழுவதையும் தீர்த்துவிட வேண்டும். ஆறு ஆண்டுகள் ஓடின. 2018-இல் நமது தெருவிலேயே குளிர்சாதன வசதியுடன் ஒரு பெரிய பல்பொருள் அங்காடி திறந்தார்கள். கடனும் இன்னும் முழுமையாகத் தீர்ந்தபாடில்லை. "போதும், கடையைக் கொடுத்துவிட்டு எங்காவது கணக்கு எழுதப் போய்விடலாம்" என்ற முடிவுக்கு வந்துவிட்டோம்.

தம் மகனுக்குக் கடை வைத்துக் கொடுக்க இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு வணிக நண்பர் வாங்க முன்வந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி: "சரக்கு இருப்பும், கொடுக்கல் வாங்கலும் எழுதிக் கொடுங்க அண்ணாச்சி. பார்த்துட்டு விலை பேசிக்கலாம்."

இரண்டு இரவு கடையைச் சாத்திவிட்டு இருப்பு எடுத்தோம். கடைத் தம்பி மூட்டைகளையும் டின்களையும் எண்ணிச் சொல்ல, வீட்டில் அம்மா அடக்க விலையைப் பட்டியல் பார்த்துச் சொல்ல, நாம் எழுதினோம். அப்போது பரணில் இருந்து பழைய பேரேடு ஒன்று கிடைத்தது. பாகம் பிரித்த அன்று கணக்குப்பிள்ளை எழுதி வைத்த ஐந்தொகை, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளில், அப்படியே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

2012-இல்: சரக்கு 3,10,000 ரூபாய். கையிருப்பும் வங்கியும் 22,000. வசூலாகக்கூடிய பற்றுப் பாக்கி 60,000. ஆக 3,92,000. கொடுக்க வேண்டியது: மொத்த வியாபாரிகளுக்கு 2,40,000, கைமாற்று 3,50,000, ஆக 5,90,000. அதாவது நாம் கடையை ஏற்றபோது நமது மூலதனம் பூஜ்யத்துக்கும் கீழே 1,98,000 ரூபாய்.

2018-இல்: சரக்கு 5,60,000. கையிருப்பும் வங்கியும் 48,000. பற்றுப் பாக்கி 1,10,000-இல் வராது என்று தெரிந்த 35,000-ஐ அடித்துவிட்டு 75,000. ஆக 6,83,000. கொடுக்க வேண்டியது: மொத்த வியாபாரிகளுக்கு 1,65,000, கைமாற்று 1,20,000, ஆக 2,85,000. மூலதனம் 3,98,000.

நண்பர் இரண்டு தாளையும் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "கீழே போற கடைன்னு நினைச்சு வாங்க வந்தேன் அண்ணாச்சி. இது மேலே வர்ற கடை. இதை ஏன் விக்கிறீங்க?"

நம்மிடம் பதில் இல்லை. கடையை விற்கவில்லை. மிச்சமிருந்த கைமாற்றுக் கடன் 2021-இல் தீர்ந்தது. அந்த இரண்டு இரவும் இருப்பு எடுக்காமல், வாய்க்கு வந்த விலைக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறோம்.

ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

ஆறு ஆண்டில் மூலதனம் ஏறியது 5,96,000 ரூபாய். இதை 2,190 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 272 ரூபாய். அன்றாட விற்பனை ஏறக்குறைய 18,000 ரூபாய் இருந்த கடையில் இந்த 272 எங்கே தெரியும்? ஒரு டின் எண்ணெய் கூடுதலாக விற்றால் கல்லா மேலே போகும்; மழை பெய்தால் கீழே இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் 272 ரூபாய் மறைந்துபோகிறது. கல்லாப் பெட்டி இன்றைய நாளை மட்டுமே காட்டும். முன்னேற்றத்தைக் காட்டும் வேலை அதற்கு இல்லை.

கடன் தவணையிலும் இதே கதைதான். 5,00,000 ரூபாயை 12 சதவீத ஆண்டு வட்டிக்கு, குறையும் நிலுவை முறையில், 60 மாதத் தவணையில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 11,122 ரூபாய். முதல் மாதம் அதில் வட்டிக்குப் போவது 5,000. அசலுக்குப் போவது 6,122 மட்டுமே. முதலாண்டு முழுவதும் சுமார் 1,33,500 ரூபாய் கட்டியிருப்போம். அசலில் குறைந்தது சுமார் 77,600-தான். சரிபாதிக் காலமான 30 மாதம் கட்டி முடித்த பிறகும் சுமார் 2,87,000 பாக்கி நிற்கும். பாதிக் காலம் போயும் பாதிக் கடன் போகவில்லை என்று மனம் உடைவது இந்த இடத்தில்தான்.

ஆனால் தவணை முறையின் இயல்பே அது. அசல் குறையக் குறைய வட்டி குறையும். வட்டி குறையக் குறைய அசல் வேகமாகக் கரையும். மூன்றாம் ஆண்டில் மட்டும் சுமார் 98,600 ரூபாய் அசல் குறையும். அறுபதாவது தவணையில் வட்டி 110 ரூபாய்தான். முதலாண்டின் மெதுவான நடையைப் பார்த்து நம்பிக்கை இழப்பவர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் இழக்க மாட்டார். தவணை அட்டவணையை வங்கியில் கேட்டு வாங்கிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்து, மாதந்தோறும் ஒரு வரியை அடிப்பது நல்ல பழக்கம்.

"லாபம், ரெண்டு, மூணு..."

களத்திலும் மண்டியிலும் தானியம் அளப்பவர்கள் முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லித் தொடங்குவது நமது வழக்கம். மங்கலத்துக்காக ஏற்பட்ட வழக்கம்தான். ஆனால் அதில் ஒரு மனக்கணக்கும் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அளவு தொடங்கும்போதே கையில் ஏதோ வந்துவிட்டது என்ற நிறைவு அதில் கிடைக்கிறது.

இதற்கு இணையான ஒரு சோதனையை அமெரிக்காவில் ஜோசப் நுனெஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து 2006-இல் வெளியிட்டார்கள். கார் கழுவும் நிலையம் ஒன்றில் வாடிக்கையாளர்களுக்கு 300 அட்டைகள் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவை கார் கழுவும்போதும் அட்டையில் ஒரு முத்திரை. அட்டை நிறைந்தால் ஒரு தடவை இலவசம். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள வெற்று அட்டை. மறு பாதிப் பேருக்குப் பத்துக் கட்டம் உள்ள அட்டை. அதில் இரண்டு முத்திரை முன்கூட்டியே குத்தியிருந்தது. இருவருக்கும் இன்னும் எட்டுத் தடவைதான் தேவை. ஆனால் வெற்று அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் அட்டையை நிறைத்தார்கள். இரண்டு முத்திரை பெற்றவர்களில் 34 சதவீதம் பேர் நிறைத்தார்கள்.

வாடிக்கையாளர் அட்டை கொடுக்க நினைக்கும் நம் உறுப்பினர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் செய்தி. நமக்குள்ளும் இதைப் பயன்படுத்தலாம். வெறுங்கையோடு தொடங்குவதாக நினைப்பவர் சீக்கிரம் விட்டுவிடுகிறார். ஏற்கெனவே கொஞ்சம் வந்துவிட்டோம் என்று அறிந்தவர் தொடர்ந்து நடக்கிறார். எந்த இலக்கைக் குறிக்கும்போதும் அதற்காக இதுவரை செய்து முடித்ததை முதல் வரியில் எழுதுங்கள். சொந்தக் கட்டடம் வேண்டும் என்பவர், கையில் உள்ள வைப்புத்தொகை, நகை, மனை, பெற்ற நற்பெயர், தவணை தவறாத வங்கிக் கணக்கு ஆகியவற்றை முதலில் எழுத வேண்டும். மிச்சம் எவ்வளவு என்பது அதன் கீழே வரட்டும்.

எழுதி வைத்த இருவர்

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினை அறிஞர் என்றும் அரசியல் தலைவர் என்றும் அறிவோம். அவர் பிலடெல்பியா நகரில் அச்சுக்கூடமும், தாள், எழுதுபொருள் விற்கும் சிறு கடையும் வைத்திருந்தவர். கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர். வாங்கிய தாளைத் தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தெரு வழியே தள்ளிக்கொண்டு போனதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தம்மைத் திருத்திக்கொள்ள அவர் 13 நற்குணங்களைக் குறித்துக்கொண்டு ஒரு சிறிய நோட்டுப் போட்டார். ஒரு குணத்துக்கு ஒரு பக்கம். ஏழு நாளுக்கு ஏழு கட்டம். தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி. வாரம் ஒரு குணத்தின் மேல் தனிக் கவனம் வைத்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. தாம் நினைத்ததைவிடக் குறைகள் அதிகம் இருப்பது கண்டு வியந்ததாகவும், ஆனால் அவை குறைந்துவருவதைப் பார்த்து நிறைவு அடைந்ததாகவும் அவர் எழுதுகிறார். பொருள்களை ஒழுங்காக வைக்கும் பழக்கம் மட்டும் அவருக்குக் கடைசிவரை முழுமையாகக் கைகூடவில்லை. கடையில் மிளகு டப்பாவைத் தினமும் தேடுபவர்கள் ஆறுதல் கொள்ளலாம்!

அடுத்தவர் காந்தியடிகள். 1888-இல் சட்டம் படிக்க லண்டன் சென்றவர், அங்கே தாம் செலவிட்ட ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். பேருந்துக் கட்டணம், தபால்தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை எதுவும் விடுபடாது. ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன் இருப்பைச் சரிபார்த்துவிடுவார். பின்னாளில் பொதுப்பணம் லட்சக்கணக்கில் தம் கைவழியே போனபோதும், கடன்படாமல் நிர்வகிக்க முடிந்ததற்கு அந்தப் பழக்கமே காரணம் என்று தம் தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். வணிகக் குலத்தில் பிறந்தவர் அல்லவா!

இது பெரியவர்களுக்கு மட்டும் பலித்த வழி அன்று. 2016-இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு, உலகின் பல இடங்களில் நடந்த 138 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். தம் முன்னேற்றத்தை அடிக்கடி சரிபார்த்தவர்கள் இலக்கை அடையும் வாய்ப்புக் கூடுகிறது என்பது அதன் முடிவு. மனத்துக்குள் நினைத்துக்கொள்வதைவிட எழுதி வைத்தபோதும், மற்றவர்க்குத் தெரியச் சொன்னபோதும் பலன் மேலும் கூடியது. சங்கக் கூட்டங்களில் நாம் ஒருவருக்கொருவர் மனம் விட்டுப் பேசிக்கொள்வதிலும் பயன் உண்டு என்பது இதனால் விளங்கும்.

எதை அளப்பது?

அளக்கும் கோல் தவறினால் அளவும் தவறும். வணிகர்கள் பொதுவாகச் செய்யும் தவறு, விற்பனைத் தொகையை மட்டும் பார்ப்பது. சென்ற ஆண்டு ஒரு மாதத்தில் துவரம்பருப்பு கிலோ 120 ரூபாய் வீதம் 100 கிலோ விற்றோம்; தொகை 12,000. இந்த ஆண்டு அதே மாதத்தில் கிலோ 150 ரூபாய் வீதம் 90 கிலோ விற்றோம், தொகை 13,500. ரூபாயைப் பார்த்தால் எட்டில் ஒரு பங்கு வளர்ச்சி. தராசைப் பார்த்தால் 10 கிலோ குறைவு. வாடிக்கையாளர் யாரோ வேறு கடைக்குப் போய்விட்டார் என்பதை ரூபாய் மறைக்கிறது, எடை சொல்லிவிடுகிறது.

நாம் மேலே கொடுத்த நமது கணக்கையும் இப்படித்தான் சலித்துப் பார்க்க வேண்டும். சரக்கு மதிப்புக் கூடியது 2,50,000 ரூபாய். அதில் ஒரு பங்கு விலைவாசி உயர்வே தவிர நமது திறமை அன்று. ஆனால் கொடுக்க வேண்டியது 5,90,000-இலிருந்து 2,85,000-ஆகக் குறைந்ததே, அந்த 3,05,000 கலப்படமில்லாத முன்னேற்றம்.

அதனால் கீழ்க்கண்ட நான்கையும் சேர்த்துப் பார்க்கப் பரிந்துரைக்கிறோம்.

1. மூலதனம்: சரக்கு, கையிருப்பு, வங்கி, வசூலாகும் பாக்கி இவற்றின் கூட்டுத் தொகையிலிருந்து கொடுக்க வேண்டியதைக் கழித்தது. ஆண்டுக்கு ஒரு முறை, இருப்பு எடுத்த பிறகு. வீட்டுச் செலவுக்கு எடுத்ததையும் தனியே எழுத வேண்டும்; பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் கடை கொடுத்ததுதான்.

2. கொடுக்க வேண்டிய கடன்: மாதம் ஒரு முறை.

3. பற்றுப் பாக்கி: மாதம் ஒரு முறை. விற்பனை கூடும்போது பாக்கி அதைவிட வேகமாகக் கூடினால் அது வளர்ச்சி அன்று. நமது சரக்கு ஊரார் வீட்டில் இருக்கிறது என்று பொருள்.

4. முக்கியமான ஐந்து சரக்குகளின் அளவு: அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, மிளகாய் என்று தங்கள் கடைக்கு ஏற்றபடி, கிலோவிலும் சிப்பத்திலும்.

ஒப்பிடும்போது சென்ற மாதத்தோடு ஒப்பிடக் கூடாது. ஐப்பசியில் தீபாவளி வியாபாரம், மார்கழியில் மந்தம், தையில் பொங்கல் வியாபாரம் என்று மாதத்துக்கு மாதம் மாறும். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே சரி.

கணக்கு இறக்கத்தைக் காட்டினால் என்ன செய்வது என்று சிலர் தயங்குவார்கள். இறக்கம் நாம் பார்க்காவிட்டாலும் இருக்கத்தான் செய்யும். முதலாண்டிலேயே தெரிந்தால் ஒரு சரக்கை நிறுத்தி, ஒரு பாக்கியை வசூலித்துச் சரிசெய்யலாம். ஐந்தாம் ஆண்டில் தெரிந்தால் கடையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

பாதிக்கு முன், பாதிக்குப் பின்

மின்ஜங் கூ, அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு நல்ல உபாயத்தைக் கண்டு சொன்னார்கள். வேலையின் தொடக்கத்தில் முடித்ததைப் பார்க்க வேண்டும். முடிவை நெருங்கும்போது மிச்சத்தைப் பார்க்க வேண்டும். எப்போதும் எது சிறிய எண்ணோ அதைப் பார் என்பதே அதன் சாரம்.

காரணம் எளிது. ஐந்து லட்சம் கடனில் முதல் 50,000 அடைத்திருக்கும்போது "இன்னும் நாலரை லட்சம்" என்று நினைத்தால் அடுத்து அடைக்கும் 10,000 தூசாகத் தெரியும். "ஐம்பதாயிரம் அடைத்தாயிற்று" என்று நினைத்தால் அடுத்த 10,000 அதில் ஐந்தில் ஒரு பங்கு. மனம் ஊக்கம் பெறும். அதே கடனில் 50,000 மட்டும் பாக்கி இருக்கும்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். "இன்னும் ஐந்தே பத்தாயிரம்" என்று எண்ணிக்கொண்டு வந்தால் கால் தானாக வேகம் எடுக்கும்.

கடைக்கு வெளியே

இதே முறை உடம்புக்கும் பொருந்தும். நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மில் பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையில் நடக்கத் தொடங்கி, விரலில் குத்திப் பார்த்தால் ஒருநாள் குறைகிறது, மறுநாள் கூடுகிறது. "நடந்து என்ன பிரயோசனம்?" என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறோம். விரலில் குத்திப் பார்க்கும் அளவு கல்லாப் பெட்டி மாதிரி. அந்த நேரத்தை மட்டும் சொல்லும். மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் எச்பிஏ1சி என்ற பரிசோதனை, ஏறக்குறைய இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். அது ஐந்தொகை மாதிரி. நடைப்பயிற்சியின் பலனை அதில் பாருங்கள். நடந்த நாட்களை நாள்காட்டியில் சுழித்து வையுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பு. அதில் நாமே முடிவெடுக்க வேண்டாம்.

கடையில் வேலை பார்க்கும் தம்பிகளையும் மறந்துவிடக் கூடாது. வந்த புதிதில் பொட்டலம் மடிக்கத் தெரியாமல் நின்ற பையன், இன்று தனியாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அதை அவனிடம் நாம் ஒருநாளாவது சொல்லியிருக்கிறோமா? தெரசா அமபில், ஸ்டீவன் கிராமர் என்ற இருவர் 238 ஊழியர்கள் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளைப் படித்து 2011-இல் ஒரு நூல் எழுதினார்கள். வேலையில் சிறிதளவாவது முன்னேற்றம் கண்ட நாட்களே ஊழியர்கள் உற்சாகமாக இருந்த நாட்கள் என்று கண்டார்கள். "போன வருஷம் இந்தச் சிட்டையைக் கூட்ட அரை மணி ஆச்சு தம்பி, இப்ப பத்து நிமிஷத்துல முடிச்சிட்டே" என்று சொல்ல நமக்குச் செலவு ஒன்றும் இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள்

முன்னேற்றத்தைப் பார்ப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைக்க முயன்றவர்களில், தாம் நன்றாக முன்னேறிவிட்டதாக உணர வைக்கப்பட்டவர்களே ஆப்பிளை விட்டுச் சாக்லேட்டை அதிகம் எடுத்தார்கள். "இவ்வளவு செய்துவிட்டோமே, கொஞ்சம் தளர்த்தினால் என்ன?" என்பது மனித மனம். பாதிக் கடன் அடைந்ததும் புது வண்டிக்குத் தவணை போடுவது இதில் சேர்ந்ததுதான். ஆகையால் கணக்குப் பார்த்து மகிழ்ந்த அன்றே, அடுத்த அடி என்ன என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். வீட்டாருக்கு ஒரு கிலோ இனிப்பு வாங்கிப் போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மற்றது, அடுத்த கடையைப் பார்த்து அளப்பது. எதிர்க்கடையின் கூட்டம் நமக்குத் தெரியும். அவர் கடன் நமக்குத் தெரியாது. அக்கரைக்கு இக்கரை பச்சைதான். அவரிடமிருந்து சரக்கு அடுக்கும் முறையைக் கற்றுக்கொள்வோம். நமது வளர்ச்சியை அவரை வைத்து அளக்க வேண்டாம். நாம் புறப்பட்ட இடமே நமக்கு அளவுகல்.

இந்த மாதப் பயிற்சி

உறுப்பினர்கள் இந்த மாதத்திலேயே கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்க வேண்டுகிறோம்.

1. ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கடைக் கணக்கோடு கலக்க வேண்டாம்.

2. முதல் பக்கத்தில், கடை தொடங்கிய அன்று அல்லது பொறுப்பேற்ற அன்று தங்கள் நிலை என்ன என்று எழுதுங்கள். பழைய பேரேடு, வங்கிப் புத்தகம், வரிக் கணக்கு எதைப் பார்த்தாவது எழுதலாம். துல்லியமாகக் கிடைக்காவிட்டால் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதினால் போதும்.

3. ஒரு ஞாயிறு மாலை கடையைச் சாத்திவிட்டு இருப்பு எடுங்கள். வராத பாக்கியை மனத்துணிவோடு அடித்துவிடுங்கள். இன்றைய நிலையை இரண்டாம் பக்கத்தில் எழுதுங்கள்.

4. ஓர் இலக்கை மட்டும் குறியுங்கள். அதில் இதுவரை முடித்தது எவ்வளவு என்பதை முதலில் எழுதுங்கள்.

5. மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட நாளில், பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, தராசுக்கும் கல்லாவுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, இந்த நோட்டுக்கும் ஒரு பொட்டு வையுங்கள். அன்று இரவு கல்லா எண்ணும்போது பெருமூச்சு வந்தால், முதல் பக்கத்தையும் கடைசி வரியையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நமது கடையில் அந்த நோட்டு இப்போது கல்லாவின் இடப்பக்க இழுப்பறையில் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் கணக்குப்பிள்ளையின் மஞ்சள் தடவிய தாளைத்தான் ஒட்டி வைத்திருக்கிறோம்.